செங்கமாரிக்கு முன்பே: ஈரலில் தொடங்கும் புற்றுநோயைக் கண்டறிவது எப்படி

“ஈரலில் கட்டி ஒன்று தெரிகிறது” என்று ஸ்கான் ரிப்போட்டில் ஒரு வரி இருந்தால் போதும், வீடு முழுக்கக் ‘கான்சர்’ என்ற சொல் பரவிவிடும். யாழ்ப்பாணத்தில் அந்த ஒரு வரிக்கு நாலு பொருள் இருக்கலாம்.

கள்ளுக் குடிக்கும் நடுவயது ஆண், சில நாளாக நடுக்கத்தோடு காய்ச்சல், வலப்பக்க விலாவுக்குக் கீழே தொடவிடாத நோ என்றால் அது பெரும்பாலும் சீழ்க்கட்டி. அமீபா என்ற ஒட்டுண்ணி குடலிலிருந்து ஈரலுக்குப் போய் அங்கே உண்டாக்கும் கட்டி இது. யாழ் போதனா வைத்தியசாலையில் இந்தக் கட்டியோடு அனுமதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, அமீபாதான் காரணம் என்பதை ஆய்வுகூடச் சோதனைகளால் உறுதிசெய்தது. கள்ளுக் குடிக்கும் ஆண்களிடம் இது கூடுதலாக இருப்பதும் வடக்கில் கவனிக்கப்பட்ட ஒன்று. மெட்ரோனிடசோல் மாத்திரைக்கும், தேவைப்பட்டால் ஊசியால் சீழ் எடுப்பதற்கும் கட்டுப்படும் நோய் இது. இரண்டாவது, குருதிக் குழாய்கள் சுருண்டு திரண்ட ஹெமாஞ்சியோமா. பிறவியிலேயே வந்து, ஒரு தொந்தரவும் செய்யாமல் கிடக்கும் இதை அநேகமாகத் தொடவே வேண்டாம். மூன்றாவது, பெருங்குடல், இரைப்பை, சதையி, மார்பகம் போன்ற வேறொரு உறுப்பில் தொடங்கி ஈரலுக்குப் பரவிய புற்றுநோய். ஈரலில் காணப்படும் புற்றுக்கட்டிகளில் கூடுதலானவை இப்படி வந்து குடியேறியவைதான். நாலாவதுதான் ஈரலின் சொந்தக் கலங்களிலேயே தொடங்கும் முதனிலைப் புற்றுநோய். மற்ற மூன்றோடு இதைப் போட்டுக் குழப்பினால் சிகிச்சை முழுவதும் பிழைத்துவிடும்.

முதனிலைப் புற்றுநோய்களில் முக்காற்பங்குக்கு மேல் ஈரலின் பிரதான கலங்களிலிருந்து வருபவை. ஏறத்தாழ 10 முதல் 15 வீதம் வரை, ஈரலுக்குள்ளே ஓடும் பித்தக் குழாய்களின் சுவரில் தொடங்குபவை. 2022இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 8 இலட்சத்து 66 ஆயிரம் பேருக்கு முதனிலை ஈரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அந்த ஆண்டில் இதனால் இறந்தவர்கள் 7 இலட்சத்து 58 ஆயிரம். இரண்டு எண்களும் இவ்வளவு கிட்டக் கிட்ட இருப்பது, பெரும்பாலானவர்களுக்கு நோய் பிந்தித்தான் தெரியவருகிறது என்பதைக் காட்டுகிறது.

தழும்பு விழுந்த நிலத்தில்

நல்ல நிலையில் உள்ள ஈரலில் இந்தப் புற்றுநோய் வருவது குறைவு. நோயாளிகளில் 80 முதல் 90 வீதமானோருக்குக் கட்டிக்குப் பின்னால், ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் இருக்கும். “ஈரல் பழுதாகிப் போச்சு” என்று ஊரில் சொல்வது அநேகமாக இதைத்தான். ஈரலுக்கு மீண்டும் வளரும் திறன் உண்டு. குடியோ வைரஸோ கொழுப்போ கலங்களைக் கொன்றபடி இருந்தால், அதுவும் புதிய கலங்களை உண்டாக்கியபடியே இருக்கும். பத்து, இருபது வருடம் இப்படிப் போகும்போது இரண்டு காரியம் நடக்கிறது. இறந்த இடங்களில் நார்த்தழும்பு படிந்து, மெத்தென்றிருந்த ஈரல் கட்டி கட்டியாக இறுகிப்போகும். அடுத்தது, கலம் பிரியும் ஒவ்வொரு முறையும் அதன் மரபணுவைப் படியெடுக்க வேண்டும். அழற்சி நிறைந்த இடத்தில் அந்தப் படியெடுப்பில் பிழைகள் சேரும். அந்தப் பிழைகளில் ஒன்று ஒரு நாள் கட்டுப்பாட்டை உடைத்துக்கொண்டு வளர்ந்தால் அதுதான் புற்றுக்கட்டி. சிரோசிஸ் உள்ள நூறு பேரை எடுத்தால், காரணத்தைப் பொறுத்து, வருடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்கு இது வரும். ஒரு வருடக் கணக்காகப் பார்த்தால் சின்ன எண் போலத்தான் இருக்கும். பத்து வருடத்துக்குப் பெருக்கினால் அப்படி இராது.

உலகளவில் முதற்காரணம் ஹெப்பரைற்றிஸ் பி வைரஸ். இலங்கை அந்த வைரஸ் குறைவாக உள்ள நாடுகளில் ஒன்று. இங்கே கண்டறியப்படும் ஈரல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் பி வைரஸும் இல்லை, சி வைரஸும் இல்லை. சலரோகம், கொழுப்பு ஈரல், மது ஆகிய மூன்றும்தான் இங்கே முன்னுக்கு நிற்கின்றன. இதைத் தெரியாமல், “எனக்குத்தான் ஹெப்பரைற்றிஸ் இல்லையே” என்று நிம்மதியடைவதில் பொருளில்லை.

கொழுப்பு ஈரலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். “ஸ்கானில் கொஞ்சம் ஃபற்றி லிவர் இருக்கு, எல்லாருக்கும் இருக்கிறதுதானே” என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு உண்டு: ராகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் நடத்திய ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது அந்த அளவிலேயே நின்றுவிடும். சலரோகமும், பருத்த வயிறும், உயர் குருதியழுத்தமும் சேர்ந்திருப்பவர்களிடம்தான் கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகிறது. பார்வைக்கு மெலிந்தவர்களும் இதில் தப்புவதில்லை. தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்றிமீற்றர், பெண்களில் 80 சென்றிமீற்றர் தாண்டினாலே அபாயம் தொடங்குகிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடம்பு நம் ஊரில் அரிதல்லவே. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கொழுப்பு ஈரலில் சிரோசிஸ் வரை போகாமலேயே புற்றுநோய் தோன்றுவதும் உண்டு.

மதுவைப் பொறுத்தவரை ‘சாராயந்தான் கூடாது, கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி’ என்ற கதையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 33.5 வீதச் செறிவுள்ள சாராயம் 750 மில்லிலீற்றர் போத்தலில் ஏறத்தாழ 200 கிராம் மதுசாரம் இருக்கிறது. கால் போத்தலில் 50 கிராம். கள்ளின் செறிவு எடுத்த நேரத்தையும் புளித்த அளவையும் பொறுத்து மாறும். 5 வீதம் என்று வைத்தாலும் ஒரு போத்தலில் ஏறத்தாழ 30 கிராம். தவறணையில் இரண்டு போத்தல் குடித்தால் அது கால் போத்தல் சாராயத்தைத் தாண்டிவிடும். ஈரல் எண்ணுவது உள்ளே போன மதுசாரத்தின் கிராமை மட்டுமே. பானத்தின் பெயர் அதற்குத் தெரியாது. சலரோகம் உள்ளவர் குடிக்கும்போது இரண்டு அபாயமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

வைரஸ்கள் குறைவு என்பதால் மறந்துவிடவும் கூடாது. இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்பரைற்றிஸ் பி ஊசி சேர்க்கப்பட்டது 2003இல். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் அதைப் போட்டிருக்கமாட்டார்கள். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் 90 வீதமான குழந்தைகளில் அது ஆயுள் முழுக்க நிலைத்துவிடும். வளர்ந்தவருக்குத் தொற்றினால் நிலைப்பது 5 வீதத்துக்கும் குறைவு. இந்த வைரஸ் தன் மரபணுவை ஈரல் கலத்தின் மரபணுவுக்குள்ளேயே சொருகிக்கொள்ளும். சிரோசிஸ் இல்லாமலும் புற்றுநோய் வர அதுவே காரணம். வளைகுடா வேலைக்கான மெடிக்கலிலோ, இரத்ததானம் கொடுத்தபோதோ ‘பொசிற்றிவ்’ என்று தெரியவந்தவர்கள், வேலை கிடைக்கவில்லை என்ற கவலையோடு விசயத்தை மூடிவைக்காமல் கிளினிக்குக்குப் போக வேண்டும். ஹெப்பரைற்றிஸ் சி இன்று 8 முதல் 12 வாரம் மாத்திரை எடுத்தால் 95 வீதத்துக்கு மேற்பட்டோரில் முற்றாக நீங்கும் நோய். ஆனால் அதற்குள் சிரோசிஸ் வந்திருந்தால், வைரஸ் போன பின்பும் புற்றுநோய் அபாயம் மிஞ்சும்.

பூஞ்சணம் பிடித்த கச்சான், சோளம், கொப்பரா ஆகியவற்றில் சேரும் அஃப்ளாடொக்சின் நஞ்சும் ஒரு காரணம். சமையல் சூட்டில் அது முழுமையாக அழியாது. பூஞ்சணத்தைத் தட்டிவிட்டு வறுத்துச் சாப்பிடுவதால் பயனில்லை. பி வைரஸ் உள்ளவரிடம் இந்த நஞ்சின் கெடுதி பல மடங்காகும். இரும்பு மிகையாகச் சேரும் பரம்பரை நோய், செம்பு சேரும் வில்சன் நோய், தன்னெதிர்ப்பு ஈரலழற்சி, புகைத்தல் என்று பட்டியல் நீளும். பித்தக் குழாய்ப் புற்றுநோய்க்கு வேறு காரணங்கள்: தாய்லாந்துப் பக்கம் பச்சை ஆற்றுமீனால் வரும் ஈரல் தட்டைப்புழு, பித்தக் குழாய் நாட்பட இறுகும் நோய், ஈரலுக்குள் உண்டாகும் பித்தக் கற்கள்.

உடம்பு சொல்லும் அடையாளங்கள்

ஈரலின் உட்பகுதிக்கு நோவை உணரும் நரம்பு இல்லை. அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறைக்குத்தான் உண்டு. நடுவில் வளரும் 4 சென்றிமீற்றர் கட்டி சத்தம் போடாமல் கிடப்பதற்கும், ஓரத்தில் உறையை இழுக்கும் சிறு கட்டி நோவு கொடுப்பதற்கும் அதுதான் காரணம். அந்த நோவு சிலருக்கு வலத் தோளில் தெரியும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் விதானத் தசையைத் தொடும் நரம்பும் தோள்பட்டை நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை இடத்தை மாற்றிப் புரிந்துகொள்கிறது. வயிற்றில் ஏதுமில்லை என்று நினைத்துத் தோளுக்கு எண்ணெய் பூசி மாதக்கணக்கில் காலம் போவது இப்படித்தான்.

பசியின்மை, இரண்டு பிடி சோறு உண்டதுமே வயிறு நிரம்பிய உணர்வு, காரணமில்லாத எடையிழப்பு, ஓயாத களைப்பு ஆகியவை பொதுவான அடையாளங்கள். வலப்பக்க விலாவுக்குக் கீழே கல்லைப் போலக் கடினமாகக் கையில் தட்டுப்படுவது பிந்திய நிலை. செங்கமாரியும் அப்படித்தான். கண் மஞ்சளானால் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடித்து, உப்பு புளி தவிர்த்துப் பத்தியம் இருப்பது நம் வழக்கம். தானாக மாறும் வைரஸ் காமாலைக்கு அந்த மருந்து பலித்தது போலத் தோன்றும். எதுவும் குடிக்காவிட்டாலும் அது மாறியிருக்கும். 1988இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்வு, பி வைரஸைக் கீழ்க்காய்நெல்லி அகற்றும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது. பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் செங்கமாரியைப் பத்தியத்தோடு வீட்டில் வைத்திருப்பது ஆபத்தான வேலை. மலம் வெளிறி, சிறுநீர் கடும் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்துக் கடித்தால் பித்தக் குழாய் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அது ஒரு வாரம்கூடப் பொறுக்கக் கூடாத நிலை.

கூடுதலாகக் கவனிக்க வேண்டியவர்கள், ஏற்கெனவே சிரோசிஸுக்குக் கிளினிக் கொப்பி வைத்திருப்பவர்கள். இதுவரை கட்டுப்பாட்டிலிருந்த ஒருவருக்குத் திடீரென வயிற்றில் நீர் தேங்கி மகோதரம் பெருகுவது, கால் வீங்குவது, இரத்தவாந்தி எடுப்பது, தார் போலக் கறுத்த மலம் போவது, பகலில் தூங்கி இரவில் விழித்திருந்து பிதற்றுவது இவற்றில் எது புதிதாக வந்தாலும், உள்ளே ஒரு கட்டி வளர்ந்து, குடலிலிருந்து ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் ‘வாயில் நாளம்’ என்ற குழாய்க்குள் புகுந்திருக்கிறதா என்று தேடிப்பார்ப்பது வழக்கம். கட்டி வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் கசிந்தால் சடுதியான வயிற்று நோவோடு மயக்கம் வரும். சிலருக்கு நோயின் முதல் அடையாளமே அதுதான்.

இன்னோர் அடையாளத்தை வீட்டில் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வார்கள். பல வருடமாக 200க்குக் குறையாத சீனி, மருந்தை மாற்றாமலே 90, 80 என்று இறங்கும். சாப்பாடு குறைந்து எடை இறங்கியதாலும் அப்படி நடக்கும். சிரோசிஸ் முற்றிய ஈரல் குளுக்கோசைச் சேமித்து வெளிவிட முடியாமல் போனாலும் நடக்கும். கட்டியே இன்சுலின் போல வேலை செய்யும் பொருளைச் சுரந்தாலும் நடக்கும். மருந்தின் அளவைக் குறைத்துவிட்டால் மட்டும் போதாது, காரணத்தைத் தேட வேண்டும்.

பழைய இரத்த ரிப்போட்டில் இருக்கும் தடயம்

ஈரல் கலங்களிலிருந்து இரத்தத்தில் கசியும் நொதியான எஸ்.ஜி.பி.ரி. சரியாக இருந்தால் ஈரல் சரி என்று நினைப்பது பெரிய பிழை. அது கலங்கள் இப்போது சாகும் வேகத்தைத்தான் காட்டும். தழும்பு முற்றிய ஈரலில் சாவதற்குக் கலம் மிச்சமில்லாததால் அது சாதாரண அளவில் நிற்கலாம். அதைவிட நல்ல தடயம் பிளேற்லெற் எண்ணிக்கை. சிரோசிஸில் வாயில் நாளத்தின் அழுத்தம் கூடி மண்ணீரல் வீங்கி, பிளேற்லெற்றுகளைத் தன்னுள் பிடித்துவைக்கும். யாழ்ப்பாணத்தில் மாரி மழைக்குப் பிறகு பிளேற்லெற் குறைந்தால் யாருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும். டெங்கு மாறி ஒரு மாதமாகியும் அது 1 இலட்சத்து 20 ஆயிரத்திலேயே நின்றால் ஈரலைப் பார்க்க வேண்டும்.

ஈரலின் தழும்பைக் கணிக்க, கையிலிருக்கும் நாலு எண்களைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். அதற்கு ஃபிப்-4 என்று பெயர். வயதை, இன்னொரு ஈரல் நொதியான எஸ்.ஜி.ஓ.ரி.யால் பெருக்க வேண்டும். அதை, பிளேற்லெற் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) எஸ்.ஜி.பி.ரி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கிவரும் எண்ணால் வகுக்க வேண்டும். 58 வயது, எஸ்.ஜி.ஓ.ரி. 62, எஸ்.ஜி.பி.ரி. 49, பிளேற்லெற் 118 ஆயிரம் என்று எடுத்துக்கொண்டால்: 58ஐ 62ஆல் பெருக்க 3596, 49இன் வர்க்கமூலம் 7, அதை 118ஆல் பெருக்க 826, வகுத்தால் 4.35. 1.3க்குக் கீழே என்றால் தழும்பு முற்றியிருக்கும் வாய்ப்புக் குறைவு. 65 வயது தாண்டியவர்களுக்கு அந்த எல்லையை 2 என்று கொள்வார்கள். 2.67க்கு மேல் என்றால் அபாயம் அதிகம். இந்த உதாரணத்தில் உள்ளவரின் எஸ்.ஜி.பி.ரி.யை மட்டும் பார்த்திருந்தால் யாரும் பெரிதாக எடுத்திருக்கமாட்டார்கள். டெங்கு, காய்ச்சல், கடும் ஈரலழற்சி உள்ள நாட்களில் எடுத்த எண்களை வைத்து இந்தக் கணக்கைப் போடக்கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கான்

சிரோசிஸ் என்று தெரிந்தவர்களுக்கும், பி வைரஸ் நிலைத்தவர்களில் அபாயம் கூடியவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ரா சவுண்ட் ஸ்கானும் அதோடு ஏ.எஃப்.பி. இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஆறு மாதம் என்ற இடைவெளி கட்டி வளரும் வேகத்தை வைத்து வந்தது. அதற்குள் பார்த்தால் பெரும்பாலும் 3 சென்றிமீற்றரைத் தாண்டுமுன் பிடித்துவிடலாம். ஸ்கானுக்கு முன் ஆறு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும். குடலில் வாயு நிறைந்தால் ஒலி உள்ளே போகாது. உடல் பருத்தவருக்கும் கொழுப்பு நிறைந்த ஈரலுக்கும் ஸ்கான் அவ்வளவு தெளிவாக இராது. விதானத் தசைக்குக் கீழேயுள்ள மேற்பகுதி அடிக்கடி தவறிப்போகும். ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், ஆரம்ப நிலைக் கட்டிகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றைத்தான் ஸ்கான் தனியே பிடித்தது, ஏ.எஃப்.பி.யும் சேர்ந்தபோது 63 வீதம் பிடிபட்டது. ஒரு முறை ‘நோர்மல்’ என்று வந்ததும் அடுத்த தவணையை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

ஏ.எஃப்.பி. என்பது கருவிலுள்ள குழந்தையின் ஈரல் சுரக்கும் புரதம். ஈரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் அது உயர்வதே இல்லை. கர்ப்பத்தில், கடும் ஈரலழற்சியில், விதைப்பைப் புற்றுநோயில் அது உயரும். 20ஐத் தாண்டினால் மேலும் பார்க்க வேண்டும், 400ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். ஆனாலும் ஒரு தடவை 46 என்று வருவதைவிட, ஆறாறு மாதத்தில் 8, 19, 46 என்று ஏறிவருவதுதான் வைத்தியரை விழிக்கவைக்கும். அதனால்தான் பழைய ரிப்போட்டுகளை எறியக் கூடாது.

ஸ்கானில் 1 சென்றிமீற்றருக்குக் குறைந்த புள்ளி தெரிந்தால் மூன்று, நாலு மாதத்தில் மீண்டும் ஸ்கான். அதைவிடப் பெரிதென்றால் மூன்று கட்ட சி.ரி. ஸ்கான் அல்லது எம்.ஆர்.ஐ. இங்கேதான் ஈரலின் தனித்தன்மை உதவிக்கு வருகிறது. சாதாரண ஈரலுக்கு இரத்தத்தில் முக்காற்பங்கு குடலிலிருந்து வரும் வாயில் நாளத்தாலும், காற்பங்கு நாடியாலும் கிடைக்கிறது. புற்றுக்கட்டி தனக்கென நாடியிலிருந்தே இரத்தத்தை இழுத்துக்கொள்ளும். கை நாளத்தில் சாயமருந்தை ஏற்றி ஏறத்தாழ 35 செக்கனில் படமெடுத்தால் மருந்து இன்னும் நாடியில்தான் இருக்கும். கட்டி மட்டும் பளிச்சென்று வெளிச்சமாகும், சுற்றியுள்ள ஈரல் மங்கலாக நிற்கும். 70 செக்கனில் வாயில் நாளம் மருந்தைக் கொண்டுவர ஈரல் வெளிச்சமாகும். அப்போதும், மூன்று நிமிடமளவில் எடுக்கும் படத்திலும், கட்டி தன் மருந்தை இழந்து சுற்றியுள்ள ஈரலைவிடக் கறுத்துத் தெரியும். சிரோசிஸ் உள்ளவரிடம் இந்த ஏறி இறங்கும் அடையாளம் தெளிவாக இருந்தால் தசைத்துண்டு எடுக்காமலேயே புற்றுநோய் என்று உறுதிசெய்யலாம். உடம்பின் மற்றப் புற்றுநோய்கள் பெரும்பாலானவற்றுக்கு இந்த வசதி இல்லை.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, வெறுமனே ‘வயிற்று சி.ரி.’ என்று எழுதி ஒரே கட்டத்தில் எடுத்துவிடுவது. கட்டி ஈரலின் அதே நிறத்தில் மறைந்துபோகலாம். தெரிந்தாலும் என்னவென்று சொல்ல முடியாது. பிறகு காசும் கதிர்வீச்சும் இரண்டாம் முறை. தனியார் இடத்தில் எடுக்கப் போகிறவர்கள் ‘ஈரலுக்கு மூன்று கட்டம்’ என்று துண்டில் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேற்றினின் ரிப்போட், ஒவ்வாமை இருந்தால் அந்த விபரம், சலரோக மாத்திரையான மெற்ஃபோமின் குடிப்பதென்றால் அந்த விபரம் ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரிப்போட் கடதாசியை மட்டுமல்ல, படமுள்ள சீடியையும் கேட்டு வாங்க வேண்டும். கொழும்பிலோ ராகமையிலோ பார்க்கப்போகும் சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தேவைப்படுவது அந்தப் படம்தான்.

சிரோசிஸ் இல்லாதவரிடமும், படம் வழக்கமான அடையாளத்தைக் காட்டாதபோதும், பித்தக் குழாய்ப் புற்றுநோய் அல்லது பரவிய புற்றுநோய் என்ற சந்தேகத்திலும் ஊசியால் தசைத்துண்டு எடுத்தே தீர வேண்டும். “ஊசி குத்தினால் கான்சர் பரவும்” என்ற பயம் முழுக்கப் பொய்யல்ல: ஊசி போன பாதையில் கலங்கள் ஒட்டுவது நூறில் ஏறத்தாழ 3 பேருக்கு நடக்கலாம், இரத்தக் கசிவும் நடக்கலாம். ஆகவேதான் படமே போதுமான இடத்தில் குத்துவதில்லை. குத்தாமல் என்ன நோய் என்றே தெரியாத இடத்தில் அந்தப் பயத்துக்காக மறுத்துவிட்டால், பெயர் தெரியாத நோய்க்கு எந்த மருந்தைக் கொடுப்பது?

நோய் உறுதியான பிறகு இரண்டு கேள்வி சேர்ந்தே எழும்: கட்டி எவ்வளவு, மிச்ச ஈரல் எவ்வளவு? பிலிருபின், அல்புமின், இரத்தம் உறையும் நேரம், மகோதரம், மூளைத் தடுமாற்றம் ஆகிய ஐந்துக்கும் புள்ளி போட்டு ஈரலை ஏ (நல்ல நிலை), பி, சி (மோசமான நிலை) என்று வகுப்பார்கள். 5 சென்றிமீற்றருக்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 சென்றிமீற்றருக்கு மேற்படாத மூன்று வரையான கட்டிகள், குருதிக் குழாய்க்குள் புகவில்லை என்றால் ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குத் தகுதி என்பது 1996இல் மிலான் நகரிலிருந்து வந்த அளவுகோல். சிறிய கட்டியை வெட்டியெடுக்கலாம், வெப்பத்தால் சுட்டழிக்கலாம். அவற்றுக்குப் பெரிதென்றால் நாடி வழியாக மருந்தைச் செலுத்தி அந்த நாடியையே அடைப்பார்கள். கட்டி நாடியிரத்தத்தில் வாழ்கிறது என்ற அதே தன்மைதான் இங்கேயும் கைகொடுக்கிறது. பரவிவிட்டால் மருந்துச் சிகிச்சை. வடக்கில் அதற்கான இடம் தெல்லிப்பழை. ‘ட்ரெயில்’ நடைபயணத்தில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய பணத்தில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை அங்கேதான் இருக்கிறது.

3 சென்றிமீற்றர் கட்டி ஒன்று ஏ வகுப்பு ஈரலில் இருந்தால் வெட்டியெடுக்கலாம். அதே கட்டி சி வகுப்பு ஈரலில் இருந்தால், மாற்று ஈரல் கிடைக்காவிட்டால், நோவைத் தணிப்பதோடு நிற்க வேண்டிவரும். “கான்சர் எண்டு வந்திட்டுது, இனிக் குடிச்சால் என்ன, விட்டால் என்ன” என்று கேட்பவர்களுக்கான மறுமொழி இந்த வகுப்பில்தான் இருக்கிறது. மது காரணமாகப் பழுதான ஈரல், குடியை முற்றாக நிறுத்திய சில மாதங்களில் பி-யிலிருந்து ஏ-க்குத் திரும்புவது உண்டு. முதல் தவணையில் ‘சிகிச்சை தாங்கமாட்டார்’ என்று எழுதப்பட்ட கொப்பியில் அடுத்த தவணை வேறொன்று எழுதப்படுவதும் உண்டு.